கட்டி என்று சொன்னேன்

கட்டி என்று சொன்னது டாக்டர் இல்லை, நான். சேலத்தில் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் மகன் பிரபு எழுந்து நின்று, "என்னம்மா சொன்னாங்க?" என்று கேட்டபோது வாயில் முதலில் வந்த சொல் அது. "கர்ப்பப்பையில ஒரு கட்டியாமா. எடுத்துப்போட்டா செரியாயிருமாம்" என்றேன். கட்டி என்றால் ஆண்பிள்ளையிடம் சொல்லலாம். உண்மையில் இருந்ததை அவனிடம் எந்த வார்த்தையில் சொல்வது என்று ஐம்பத்து நாலு வயதிலும் எனக்குத் தெரியவில்லை.

இத்தனைக்கும் நான் அங்கன்வாடி டீச்சர். ராசிபுரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருபத்தாறு வருடமாகக் கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு கொடுத்து, குழந்தைகளுக்கு எடை போட்டு, ஊர்ப் பெண்களை அதட்டி வருகிறவள். "வெள்ளைப்பட்டா மறைக்காதே", "பச்ச உடம்போட தண்ணிக்குடம் தூக்காதே", "இரும்புச்சத்து மாத்திரையைக் குப்பையில போடாதே" என்று நான் போடுகிற சத்தத்துக்குப் பயந்தே சில பெண்கள் பின்வாசல் வழியாகப் போவார்கள். அப்படிப்பட்ட நான் என் உடம்பை மட்டும் பதினாலு வருடம் பூட்டி வைத்திருந்தேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

என் கணவர் லாரி டிரைவர். மாதத்தில் இருபது நாள் வடக்கே இருப்பார். பிரபு ஒரே பிள்ளை, ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. மருமகள் நித்யாவுக்கும் அங்கேதான் வேலை. பிரசவத்துக்கு வாழப்பாடியில் தாய்வீட்டுக்கு வந்தவள், மூன்று மாதக் குழந்தையோடு அங்கேயே இருந்தாள். அவளுடைய ஆறு மாத லீவு முடிந்ததும், நான் வேலையை விட்டுவிட்டு ஓசூருக்குப் போய்க் குழந்தையைப் பார்த்துக்கொள்வது என்று முடிவாகியிருந்தது. என்னையும் ஒரு வார்த்தை கேட்டார்கள், நானும் தலையை ஆட்டினேன். பேத்தியைத் தூக்கி வளர்க்க யாருக்குத்தான் கசக்கும்?

அன்றைக்கு அந்தப் பேத்தியைப் பார்க்கத்தான் பிரபு காரில் என்னைக் கூட்டிப் போனான். அயோத்தியாப்பட்டணம் தாண்டி டீ குடிக்க நிறுத்தினான். நான் இறங்கிய சீட்டில் ரத்தக் கறை. முந்தானையால் மறைக்கப் பார்த்தேன், அதற்குள் அவன் பார்த்துவிட்டான். டீயைக் கீழே ஊற்றிவிட்டு வண்டியைத் திருப்பினான். குழந்தைக்கு வாங்கிய கிலுகிலுப்பை என் பையிலேயே இருந்தது.

டாக்டரம்மாவுக்கு நித்யாவை விட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். மேஜைக்கு எதிரே நானும் பிரபுவும் உட்கார்ந்தோம். "எத்தனை நாளா ரத்தம் படுது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இன்னைக்குத்தாங்க டாக்டர்" என்றான் பிரபு.

"மாதவிலக்கு எப்ப நின்னுச்சு?"

பிரபு அதற்கும் வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டான். காது இரண்டும் சிவந்துவிட்டன. "நாலு வருசமாச்சுங்க" என்றேன், சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்து.

"வேற தொந்தரவு ஏதாச்சும்?"

"ஒண்ணுமில்லைங்க."

புருஷனோ மாமியாரோ பக்கத்தில் நின்றால் என்னிடம் வருகிற பெண்களும் இதையேதான் சொல்வார்கள். கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு மறுபடி கேட்பேன். இந்த டாக்டரம்மாவும் அதையே செய்தார். அவனை வராந்தாவில் உட்காரச் சொல்லிவிட்டு, திரைக்குப் பின்னால் என்னைப் படுக்க வைத்துப் பரிசோதித்தார்.

"அம்மா, உள்ள ஒரு ரிங் இருக்கு."

"ஆமாங்க."

"எப்ப வெச்சது?"

"பதினாலு வருசமாகுதுங்க."

அவர் கை அப்படியே நின்றது. "மூணு மாசத்துக்கு ஒருக்கா மாத்தணும்னு சொல்லலையா?"

"சொன்னாங்க."

"மறந்துட்டீங்களா?"

"மறக்கலைங்க" என்றேன். ஏனோ அந்த இடத்தில் அழுகை வந்துவிட்டது.

என்ன விஷயம் என்று இங்கே உடைத்தே எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு யாராவது ஒரு பெண் டாக்டரிடம் போனால் போதும். கர்ப்பப்பையைத் தாங்கிப் பிடிக்கிற தசைகள் தளர்ந்துபோனால் அது மெல்லக் கீழே இறங்கும். கர்ப்பப்பை இறக்கம் என்பார்கள். எங்கள் பக்கத்தில் "அடி எறங்கிருச்சு" என்று காதோடு காதாகச் சொல்வார்கள். இருமினால், தும்மினால், குனிந்து கோலம் போட்டால் ஏதோ ஒன்று வெளியே வந்து தட்டும். கையால் உள்ளே தள்ளிவிட்டு வேலையைப் பார்க்க வேண்டியதுதான். பிரபு பிறக்கும்போது நாலு கிலோ. ஒன்றரை நாள் வலி. இருபதாம் நாள் நான் மாட்டுக்குச் சோளத் தட்டுக்கட்டு சுமந்தேன். மாட்டுக்குத் தெரியுமா பிள்ளை பெற்ற உடம்பு என்று? வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அது வேறு விஷயம்.

நாற்பதாவது வயதில், நடக்கவே முடியாமல் போனபோது தனியாக நாமக்கல் போய் ஒரு டாக்டரைப் பார்த்தேன். அவர்தான் அந்த வளையத்தை வைத்தார். வளையல் மாதிரி வட்டமாக, கெட்டி ரப்பரில் இருக்கும். கர்ப்பப்பை கீழே வராமல் முட்டுக்கொடுக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்து மாற்ற வேண்டும். இரண்டு தடவை போனேன். அப்போது பிரபு நாமக்கல்லில் ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பு. ஞாயிறு தவறாமல் சோறு கட்டிக்கொண்டு போவேன். டாக்டரும் அதே ஊரில்தான், ஆனால் பையனைப் பார்த்துவிட்டு பஸ் ஏறவே நேரம் சரியாக இருந்தது. பிறகு அவன் பிளஸ் டூ. பிறகு என் மாமியார் பக்கவாதத்தில் விழுந்து நாலு வருடம் படுக்கை. தூக்கி உட்கார வைப்பதும் திருப்பிப் படுக்க வைப்பதும் நான்தான். பிறகு பிரபுவின் கல்யாணம். இத்தனை வருடம் கழித்துப் போனால் டாக்டர் திட்டுவாரே என்ற வெட்கம் வேறு. அதோடு வருடம் ஓடிவிட்டது.

கணவருக்குக்கூடத் தெரியாதா என்று டாக்டரம்மா கேட்டார். லாரி டிரைவர் வீட்டில் பத்து வருடம் குடித்தனம் செய்தால் இந்தக் கேள்வி வராது.

வளையம் உள்ளே சதையோடு புதைந்து, சுற்றிலும் புண்ணாகியிருந்தது. மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுத்தார்கள். புண்ணிலிருந்து பொட்டளவு சதையை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுநோயா இல்லையா என்று பார்க்கிற பரிசோதனை அது. முடிவு வர ஒரு வாரம். அது வரைக்கும் தினமும் மருந்தில் நனைத்த துணியை உள்ளே வைத்துப் புண்ணை ஆற்றுவார்கள். ஆறினால் கர்ப்பப்பையை எடுத்துவிட்டு, தளர்ந்த தசைகளை இழுத்துத் தைப்பார்கள். வயிற்றைக் கிழிக்காமல் கீழ்வழியாகவே செய்வதால் வெளியே தழும்பு தெரியாது. அதுவும் என் பொய்க்கு வசதியாகப் போயிற்று.

பெண்கள் வார்டில் ஆண்கள் தங்கக் கூடாது. மாலை நாலு மணியிலிருந்து ஆறு வரைதான் பார்க்க விடுவார்கள். "கூட யாரு லேடீஸ் இருக்காங்க?" என்று நர்ஸ் கேட்டார். நாத்தனாரின் இரண்டு பிரசவம், மாமியாரின் பக்கவாதம், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பித்தப்பைக் கல் என்று எத்தனை கட்டிலுக்குக் கீழே நான் பாய் விரித்துப் படுத்திருக்கிறேன்! எந்த நர்ஸ் எப்போது எரிந்து விழுவார், எந்தக் குழாயில் வெந்நீர் வரும் என்று கண்டுபிடிப்பதில் எனக்கு அவ்வளவு அனுபவம். கட்டில் மேலே படுத்தபோது கீழே ஆள் இல்லை. பிள்ளை பெற்றபோது "ஆம்பளப் புள்ள, உனக்கென்ன கவல" என்று ஊரே சொன்னது ஞாபகம் வந்தது.

நித்யா கைக்குழந்தைக்காரி. அவள் அம்மா, அதாவது சம்பந்தியம்மா, "நான் வந்து இருக்கட்டுங்களா?" என்று போனில் கேட்டார். நல்ல மனுஷி. ஆனால் சம்பந்தி வீட்டுக்காரர்களுக்கு முன்னால் சேலை மடிப்புக் கலையாமல் நிற்கிற ஊர் எங்களுடையது. அவரை வைத்து என் ரத்தத் துணியை அலசச் சொல்வதா? "வேண்டாங்க, இங்க நர்சுங்களே நல்லாப் பாத்துக்கறாங்க" என்றேன். அதுவும் பொய்தான்.

கடைசியில் என்னைப் பார்த்துக்கொண்டது பக்கத்துக் கட்டில் பெண்ணின் அம்மா. தம்மம்பட்டிக்காரர், பெயர் பாப்பாத்தி, காட்டு வேலைக்குப் போகிறவர். மகள் கர்ப்பம் கலைந்து படுத்திருந்தாள். முதல் நாள் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு கக்கூசுக்குப் போவதைப் பார்த்துவிட்டு வந்து தோளைக் கொடுத்தார்.

"ஏம்மா, ஒனக்கு யாருமே இல்லியா?" என்றார்.

"எல்லாரும் இருக்காங்க" என்றேன்.

"ம்" என்றார். என் துணியையும் தன் மகள் துணியோடு சேர்த்து அலசிப் போட்டார். இதே அக்கா எங்கள் ஊரில் இருந்திருந்தால் எங்கள் வீட்டு வாசலோடு நின்றிருப்பார், உள்ளே வா என்று நாங்கள் கூப்பிட்டிருக்க மாட்டோம். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

பிரபு தினமும் நாலு மணிக்கு வந்துவிடுவான். இளநீரும் சாத்துக்குடியும் வாங்கி வருவான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எனக்கு உரித்துக் கொடுப்பான். மூன்றாம் நாள் மெத்தென்று ஒரு தலையணை வாங்கி வந்தான். காப்பீட்டு அட்டைக்காக ஜன்னல் ஜன்னலாக நின்று, பில்லைப் பற்றி என் காதுக்கு ஒரு சொல் வரவிடாமல் பார்த்துக்கொண்டான். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் "வலிக்குதாம்மா?" என்று கேட்பான், "எங்க வலிக்குது?" என்று கேட்க மாட்டான். நானும் சொல்ல மாட்டேன். இரண்டு பேரும் சாத்துக்குடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

நான் சொன்ன கட்டி அதற்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது. கர்ப்பப்பையில் கட்டி, சதையை வெட்டி அனுப்பியிருக்கிறார்கள் என்றால் சனங்கள் சும்மா இருப்பார்களா? ஆப்பிளும் ஹார்லிக்சுமாக வந்தவர்கள் என் முகத்தைக் கடைசியாகப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். அஸ்ஸாம் பக்கம் லோடு இறக்கிக்கொண்டிருந்த என் கணவருக்குப் போனில் பேசப் பேசக் குரல் மாறியது.

"ஏனுங்க, அழுவறீங்களா?"

"இல்ல. ரோட்டுல தூசி" என்றார். "பயந்துக்காத. நான் வண்டிய மாத்து டிரைவர்கிட்ட குடுத்துட்டு வாரேன்."

வந்தார். ரயிலில் மூன்று நாள் உட்கார்ந்து, தாடியும் அழுக்குச் சட்டையுமாக நேராக வார்டுக்கு வந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் நின்றவர், குனிந்து, என் கட்டிலின் ஆடுகிற காலுக்கு ஒரு அட்டையை மடித்துச் சொருகினார். ஆட்டிப் பார்த்தார். "இப்ப ஆடாது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவரிடமாவது சொல்லியிருக்கலாம். ஆறு மணி அடித்துவிட்டது, ஆண்களையெல்லாம் வெளியே போகச் சொன்னார்கள்.

அந்த ஒரு வாரம் நான் பயந்தது புற்றுநோய்க்கு மட்டும் இல்லை. நான் சொன்ன பொய் பலித்துவிடுமோ என்று பயந்தேன். படித்தவள்தான், ஆனாலும் பயந்தேன். எட்டாம் நாள் டாக்டரம்மா காகிதத்தோடு வந்து, "வெறும் புண்ணுதாம்மா. கேன்சர் இல்ல" என்றார். பாப்பாத்தி அக்கா என் தலையில் கை வைத்துத் திருஷ்டி கழித்தார். பக்கத்தில் அவர் மகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவளுக்கு முன்னால் சந்தோஷப்படக் கூச்சமாக இருந்தது.

இரண்டு நாளில் அந்தப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பினார்கள். பாப்பாத்தி அக்கா பையை எடுத்துக்கொண்டு, "தைரியமா இரு" என்று சொல்லிப் போய்விட்டார். ஆபரேஷனுக்கு, துணைக்குப் பெண் யாரும் இல்லாமல் நான் தனியாகத்தான் போனேன். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைப்பார்கள். கண் விழித்தே இருக்கும், காது கேட்கும். என் உடம்பின் பாதியை யாரோ வேறு அறைக்கு எடுத்துப் போன மாதிரி இருந்தது. இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் பிரபு இருந்த இடத்தை ஒரு தட்டில் வைத்து எடுத்துப் போனார்கள். பார்க்கிறீர்களா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். மறுநாள் காலையில் உள்ளே திணித்திருந்த நீளத் துணியை உருவினார்கள். மூத்திரக் குழாயை மேலும் சில நாள் வைத்திருந்தார்கள். அந்த நாட்களில் சேலை மாற்றக்கூட நான் ஆயாம்மாவைக் கெஞ்ச வேண்டியிருந்தது. வெட்கம் என்பதெல்லாம் அந்த வாரத்தோடு போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். அது தப்பு.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டரம்மா சொன்னார்: "ஆறு மாசத்துக்கு அஞ்சு கிலோவுக்கு மேல எதையும் தூக்கக் கூடாது. அதுக்கப்பறமும் பாத்துத்தான். தூக்குனா தையல் தாங்காது, மறுபடி இறங்கிரும்."

எடை போடுவது என் தொழில். அட்டையைப் பார்க்காமலே எனக்குத் தெரியும், ஒழுங்காகப் பால் குடிக்கிற குழந்தை ஆறாம் மாதத்தில் ஏழு கிலோ இருக்கும். வருகிற வழியிலும் வீட்டிலும் நான் அதையே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து பிரபு வந்தான். நித்யாவும் குழந்தையும் ஓசூர் போய்விட்டார்கள், அடுத்த வாரம் நித்யாவுக்கு வேலை தொடங்குகிறது. "துணியெல்லாம் எடுத்து வச்சுட்டயாம்மா?" என்றான்.

"நான் வரல கண்ணு. எடை தூக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"கட்டிதான எடுத்தாச்சில்ல?"

"எடுத்தாச்சு."

"அப்பறம் என்னம்மா? பாப்பா என்ன மூட்டையா?"

"ஏழு கிலோ இருக்கும்" என்றேன்.

அவன் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். பேத்தியைத் தராசில் வைத்துப் பேசுகிற அம்மா என்று நினைத்திருப்பான். அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். இலையில் போட்ட சோற்றை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டான். குழந்தையைக் காப்பகத்தில் விடுவதாக மறுநாள் ஒரு வரி அனுப்பினான். பிறகு பத்தொன்பது நாள் போன் இல்லை. கணவர் மறுபடி வண்டிக்குப் போயிருந்தார். வீட்டில் எனக்கு மட்டும் உலை வைத்து, எனக்கு மட்டும் இறக்கினேன். போனில் இருக்கிற குழந்தையின் படங்களைப் பெரிதாக்கி விரலைப் பார்ப்பேன், காதைப் பார்ப்பேன். உடம்பு தேறத் தேற மனசு கெட்டுப்போன நாட்கள் அவை.

இருபதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் நித்யா கூப்பிட்டாள். குழந்தை சிணுங்குகிற சத்தம் கேட்டது. நலம் விசாரித்தாள்.

"அத்தை, உங்களுக்கு அந்தக் கட்டி வந்துச்சில்லீங்க, மொதல்ல எப்படிங்க தெரிஞ்சுது?"

"ஏன் சாமி?"

"சும்மாதாங்க."

"நித்யா, ஏன் கேக்கற?"

அவள் உடைந்துவிட்டாள். "எனக்கும் கீழ கட்டி மாதிரி என்னமோ தட்டுப்படுதுங்க அத்தை. தண்ணிக் கேனத் தூக்குறப்ப வெளிய வருது. ஒரு மாசமா யாருகிட்டயும் சொல்லல. எம் புள்ளைக்கு ஏழு மாசம்கூட ஆவலீங்க. நான் செத்துப்போயிட்டா..."

ஒரு மாதமாக அந்தப் பெண் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே சாவை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அந்தப் பயத்தை அவளுக்குக் கொடுத்தது நான்.

"அது கட்டி இல்ல சாமி" என்றேன். "எனக்கும் கட்டி இல்ல. நான் சொன்னது பொய்." அடி இறங்கியதை, வளையத்தை, பதினாலு வருடத்தை எல்லாம் சொன்னேன். சின்ன வயசு, இப்போதே காட்டினால் சில பயிற்சிகளிலேயே சரியாக வாய்ப்பு உண்டு என்று சொன்னேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"கேனக் கீழ வை. புள்ளைய அவன் தூக்கட்டும். நாளைக்கே டாக்டர்கிட்டப் போங்க."

"அவருகிட்ட இத எப்படீங்க அத்தை சொல்றது?"

"நான் சொல்றேன். போன அவன்கிட்டக் குடு."

பிரபு வாங்கினான். "ம்" என்றான், கோபம் ஆறாத குரலில். நான் நின்றுகொண்டிருந்தேன், உட்கார்ந்துகொண்டேன். அவன் பிறந்ததிலிருந்து ஆரம்பித்தேன். நாலு கிலோ என்றேன், இருபதாம் நாள் தட்டுக்கட்டு என்றேன். கர்ப்பப்பை என்ற சொல்லையும் அதற்குக் கீழே உள்ள இடத்தின் பெயரையும் என் மகனிடம் வாய்விட்டுச் சொன்னேன். எங்கே வலித்தது என்று சொன்னேன். நித்யாவுக்கு இப்போது என்ன ஆகிறது என்று சொன்னேன். போன் கட்டாகிவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"லைன்ல இருக்கியா பிரபு?"

"இருக்கேம்மா" என்றான். "சொல்லு. முழுசாச் சொல்லு."